மறுசேர்க்கை மனித டி.என்.எஃப்-ஆல்பா: ஆய்வகத்தில் அடிக்கடி எழும் கேள்விகள்

மனித டி.என்.எஃப்-ஆல்பா (கட்டிச் சிதைவுக் காரணி) என்ற அழற்சிச் சைட்டோகைனைச் செல் வளர்ப்புச் சோதனைகளுக்காக முதன்முறையாகக் கையாளும் ஆராய்ச்சி மாணவர்களை மனத்தில் வைத்து இந்த விடைகள் எழுதப்பட்டுள்ளன. இங்கே பேசப்படுவது ஆய்வுக்கென்றே தயாரிக்கப்படும் புரதம். மருத்துவப் பயன்பாடு குறித்துக் கடைசிக்கு முந்தைய கேள்வியில் மட்டும் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறேன்.

டி.என்.எஃப்-ஆல்பா என்பது எத்தகைய புரதம்?

நோய்க்கிருமியின் தடயத்தை உணர்ந்தவுடன் மேக்ரோஃபேஜ் போன்ற நோயெதிர்ப்புச் செல்கள் முதன்முதலில் வெளியிடும் சைகைப் புரதங்களுள் இதுவும் ஒன்று. காய்ச்சல், இரத்தக்குழாய்ச் சுவர் ஒட்டும் தன்மை பெறுதல், பிற சைட்டோகைன்கள் சுரக்கத் தொடங்குதல் என அழற்சியின் பல படிகள் இதிலிருந்தே கிளம்புகின்றன. செல்லுக்குள் இது 233 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலியாக உருவாகிச் செல் சவ்வில் பதிந்து நிற்கிறது. பின்னர் ஆடம்-17 என்ற நொதி அதை 76ஆம், 77ஆம் அமினோ அமிலங்களுக்கு நடுவே வெட்ட, 157 அமினோ அமிலங்கள் கொண்ட கரையும் பகுதி வெளியே வருகிறது. அட்டவணைகளில் 'வாலின் 77 முதல் லியூசின் 233 வரை' என்று அச்சிடப்பட்டிருப்பது இந்தப் பகுதியைத்தான். ஒரே சங்கிலி தனியாக வேலை செய்வதில்லை என்பதையும், மூன்று சங்கிலிகள் ஒன்றோடொன்று இறுகச் சேர்ந்த மூவலகு வடிவமே ஏற்பிகளைத் தூண்டும் என்பதையும் இப்போதே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு விளக்கம் இதில் இருக்கிறது.

அழற்சிப் புரதத்துக்குக் 'கட்டிச் சிதைவுக் காரணி' என்ற பெயர் எப்படி வந்தது?

பாக்டீரியத் தொற்று ஏற்பட்ட சில நோயாளிகளின் புற்றுக்கட்டிகள் சுருங்குவதைக் கவனித்த நியூயார்க் அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, 1891 முதல் பாக்டீரியங்களையும் பின்னர் அவற்றின் நச்சுகளையும் நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார். அந்த விளைவுக்குப் பின்னால் எந்தப் பொருள் இருக்கிறது என்ற கேள்வி பல பத்தாண்டுகள் நீடித்தது. 1975இல் நியூயார்க்கின் ஸ்லோன்-கெட்டரிங் நிறுவனத்தில் லாயிட் ஓல்டின் குழுவினர் எலிகளுக்கு முதலில் பி.சி.ஜி.யும், பின்னர் எண்டோடாக்சின் என்ற பாக்டீரிய நச்சும் கொடுத்தனர். அந்த எலிகளின் சீரத்தில், வேறு எலிகளின் கட்டிகளைக் கருகச் செய்யும் ஒரு பொருள் இருந்தது. அதற்கு அவர்கள் இட்ட பெயரே இன்றும் வழங்குகிறது.

இதே காலத்தில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி செராமியின் ஆய்வகம் முற்றிலும் வேறொரு கேள்வியைத் தொடர்ந்துகொண்டிருந்தது: டிரிப்பனோசோமா ஒட்டுண்ணி தாக்கிய விலங்குகள், உடலில் ஒட்டுண்ணிகள் சொற்பமாக இருக்கும்போதும் ஏன் எலும்பும் தோலுமாக மெலிந்துபோகின்றன? அதற்குக் காரணமான புரதத்துக்குக் 'கேக்கெக்டின்' என்று பெயரிட்டு, புரூஸ் பியூட்லர் அதைத் தூய்மைப்படுத்தினார். 1984இல் ஜெனன்டெக் நிறுவனத்தார் மனித டி.என்.எஃப் மரபணுவைப் படியெடுத்துப் பாக்டீரியத்தில் புரதமாக்கினர். 1985இல் கேக்கெக்டினும் டி.என்.எஃப்.பும் ஒரே புரதம் என்பது தெளிவாயிற்று. கட்டியைக் கருக்குவது எது என்று தேடியவர்களும் உடலை உருக்குவது எது என்று தேடியவர்களும் ஒரே மூலக்கூறில் வந்து சந்தித்தார்கள் என்பது இத்துறையின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் நிகழ்ச்சி.

'ஆல்பா' என்ற பின்னொட்டு அவசியமா?

மரபணுவின் அதிகாரப்பூர்வப் பெயர் இன்று வெறும் டி.என்.எஃப் தான். முன்பு டி.என்.எஃப்-பீட்டா எனப்பட்டது இப்போது லிம்ஃபோடாக்சின்-ஆல்பா என்று வழங்குகிறது. வணிக அட்டவணைகளில் பழைய பெயர் நிலைத்துவிட்டதால் இரண்டையும் தேடிப் பார்ப்பது நல்லது.

மனிதப் புரதத்தைப் பாக்டீரியத்தில் தயாரித்தால் அது உண்மையான மனிதப் புரதம் ஆகுமா?

எல்லா மனிதப் புரதங்களுக்கும் ஒரே விடை சொல்ல முடியாது. டி.என்.எஃப்.பைப் பொறுத்தவரை, ஆகும். மனித மரபணுவின் உரிய பகுதியை ஈ. கோலை பாக்டீரியத்தின் பிளாஸ்மிடில் செருகி, அது உருவாக்கும் புரதத்தைப் பிரித்தெடுப்பதையே 'மறுசேர்க்கை' என்ற சொல் குறிக்கிறது. சர்க்கரைச் சங்கிலிகள் ஒட்டினால்தான் வேலை செய்யும் புரதங்களைப் பாக்டீரியத்தால் சரியாக உருவாக்க இயலாது. டி.என்.எஃப்.பின் செயலுக்கு அத்தகைய சங்கிலிகள் தேவையில்லை. ஒரு சங்கிலிக்கு ஒரேயொரு டைசல்ஃபைடு பிணைப்புதான் உண்டு. மூவலகாகச் சேர்வதும் தானாகவே நிகழ்கிறது. பாக்டீரியத் தயாரிப்பில் சில சமயம் முன்முனையில் ஒரு மெத்தியோனைன் கூடுதலாக நின்றுவிடும். பெரும்பாலான சோதனைகளில் அதனால் வேறுபாடு வருவதில்லை.

இருப்பினும் பாக்டீரியத்தில் தயாரிப்பதால் வரும் ஒரு பெரிய கவலை உண்டு. அதற்குத் தனிக் கேள்வியே தேவை.

ஜெல்லில் 17 கிலோடால்டனில் பட்டை தெரிகிறது. மூவலகு என்றால் 52 அல்லவா தெரிய வேண்டும்?

ஜெல்லில் புரதங்களைப் பிரிக்கச் சேர்க்கும் எஸ்.டி.எஸ். என்ற சலவைப்பொருள் மூவலகைப் பிரித்துவிடும். ஆகவே ஜெல்லில் ஒற்றைச் சங்கிலியின் நிறையாகிய சுமார் 17 கிலோடால்டன் தெரிவதே முறை. மூவலகு கலையாமல் இருக்கிறதா என்று அறிய, அளவுவழிப் பிரிப்பு நிறச்சாரல் (குரோமட்டோகிராஃபி) முறையில் சுமார் 52 கிலோடால்டனில் சிகரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஜெல்லில் 98 விழுக்காடு தூய்மை என்ற சான்று மூவலகின் நிலையைப் பற்றி எதுவும் கூறாது.

'குறிப்பிட்ட செயல்திறன்' என்ற எண்ணை எப்படிப் படிப்பது?

குப்பியில் எத்தனை மைக்ரோகிராம் இருக்கிறது என்பதும் அதில் எவ்வளவு உயிர்ப்போடு இருக்கிறது என்பதும் வெவ்வேறு செய்திகள். இரண்டாவதை அளக்க, எல்929 என்னும் எலி நார்ச்செல்களை ஆக்டினோமைசின்-டி முன்னிலையில் டி.என்.எஃப்.புக்கு உட்படுத்தி, ஏறத்தாழ ஒரு நாள் கழித்து எவ்வளவு செல்கள் எஞ்சின என்று பார்க்கிறார்கள். பாதி விளைவைத் தரும் செறிவு நல்ல தயாரிப்புகளில் பொதுவாக மில்லிலிட்டருக்கு 0.1 நானோகிராமுக்கும் குறைவாக இருக்கும். அந்தப் பாதி விளைவுச் செறிவையே மில்லிலிட்டருக்கு ஓர் அலகு என்று கொண்டால், அது 0.05 நானோகிராம் எனில், ஒரு மில்லிகிராமில் பத்து லட்சம் நானோகிராம் இருப்பதால், அதை 0.05ஆல் வகுக்க மில்லிகிராமுக்கு 2 கோடி அலகுகள் என்று வரும்.

இந்த அலகு, சோதனை நடந்த ஆய்வகத்தையும் அங்கிருந்த செல்களையும் சார்ந்தது. ஆகவே இரு நிறுவனங்களின் அலகுகளை நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியாகாது. இங்கிலாந்தின் பாட்டர்ஸ் பாரில் உள்ள உயிரியல் தரநிர்ணய நிறுவனம் வழங்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஒப்பீட்டுப் பொருளை அருகில் வைத்து அளந்து, பன்னாட்டு அலகில் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே ஒப்பிடலாம்.

எண்டோடாக்சினைப் பற்றி ஏன் இவ்வளவு எச்சரிக்கிறார்கள்?

மேலே சொன்ன வரலாற்றை மீண்டும் பாருங்கள். எலியின் உடலில் டி.என்.எஃப்.பை வரவழைக்க ஓல்டின் குழுவினர் கொடுத்தது எண்டோடாக்சின், அதாவது ஈ. கோலை போன்ற பாக்டீரியங்களின் வெளிச்சவ்வில் இருக்கும் லைப்போபாலிசாக்கரைடு. இன்று நாம் டி.என்.எஃப்.பைத் தயாரிப்பதும் அதே பொருள் நிறைந்த பாக்டீரியத்தில்தான். டி.என்.எஃப்.பைப் போலவே எண்டோடாக்சினும் அழற்சி மரபணுக்களை இயக்கும் என்.எஃப்-கப்பா-பி பாதையைத் தூண்டும். இன்டர்லூக்கின்-6, இன்டர்லூக்கின்-8 என்ற சைட்டோகைன்களைச் சுரக்க வைக்கும். போதாக்குறைக்கு, செல்லையே சொந்தமாக டி.என்.எஃப் உற்பத்தி செய்யவும் வைக்கும். நீங்கள் சேர்த்த புரதத்தின் விளைவும், அதோடு ஒட்டிவந்த மாசின் விளைவும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையைத்தான் படிக்க நேரமுண்டு என்றால், இதைப் படியுங்கள்.

முதலில் கணக்கு. தரச்சான்றில் மைக்ரோகிராமுக்கு 1 எண்டோடாக்சின் அலகுக்குக் குறைவு என்று இருக்கிறது எனக் கொள்வோம். ஓர் அலகு என்பது ஏறத்தாழ 100 பிகோகிராம் லைப்போபாலிசாக்கரைடு. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் டி.என்.எஃப் சேர்த்தால் உடன் செல்வது அதிகபட்சம் 1 பிகோகிராம். 100 நானோகிராம் சேர்த்தால் 10 பிகோகிராம். மனித இரத்தத்திலிருந்து புதிதாகப் பிரித்த மோனோசைட்டுகள் மில்லிலிட்டருக்குச் சில பத்துப் பிகோகிராம் எண்டோடாக்சினுக்கே துலங்கக்கூடியவை. ஆகவே முதல் அளவில் நிம்மதியாக இருக்கலாம், இரண்டாவதில் எல்லையை நெருங்கிவிட்டோம். மைக்ரோகிராமுக்கு 0.1 அலகுக்கும் குறைவான தயாரிப்பை வாங்கினால் இந்தக் கவலை பத்தில் ஒன்றாகிவிடும். மாறாக, எச்.இ.கே.293 என்ற மனிதச் சிறுநீரகச் செல்வரிசையின் செல்களில் எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பி இல்லாததால், அவற்றில் வேலை செய்பவர்களுக்கு இது பெரிய பிரச்சினையே அல்ல. அந்த ஏற்பிதான் எண்டோடாக்சினின் உணர்வி என்பதை 1998இல் நிறுவியவரும் அதே புரூஸ் பியூட்லர் தான். 2011ஆம் ஆண்டின் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது அதற்காகவே.

அடுத்து, சான்றை மட்டும் நம்பாமல் நம் மேசையிலேயே செய்யக்கூடிய கட்டுப்பாட்டுச் சோதனை. கரைசலில் ஒரு பங்கை 95 டிகிரிக்கு மேல் பதினைந்து இருபது நிமிடம் சூடாக்குங்கள். டி.என்.எஃப் புரதமாகையால் உருக்குலைந்து செயலிழக்கும். எண்டோடாக்சின் அந்த வெப்பத்தைத் தாங்கிவிடும். சூடாக்கிய பங்குக்கும் செல்கள் துலங்கினால், துலங்க வைப்பது டி.என்.எஃப் அன்று. செல் வளர்ப்புத் தட்டின் இன்னொரு கிணற்றில் (குழியில்) எண்டோடாக்சினைப் பற்றிக்கொள்ளும் பாலிமிக்சின்-பி சேர்த்தும், மற்றொன்றில் டி.என்.எஃப்.பை முடக்கும் ஆன்டிபாடி சேர்த்தும் பாருங்கள். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் முடிவை நம்பலாம்.

ஒருமுறை எங்கள் மேசையில் சூடாக்கிய பங்கும் சூடாக்காத பங்கும் மோனோசைட்டுகளில் கிட்டத்தட்ட ஒரே அளவு இன்டர்லூக்கின்-8ஐ வரவழைத்தன. குப்பியைக் குறை சொல்லத் தயாரானோம். தேடிப் பார்த்தபோது, டி.என்.எஃப்.பில் பிழையே இல்லை. நீர்த்தலுக்கு நாங்களே கரைத்து வைத்திருந்த மாட்டுச் சீர ஆல்புமின்தான் எண்டோடாக்சினைச் சுமந்து வந்திருந்தது. மூன்று மாத அளவீடுகளை ஒதுக்கிவைக்க நேர்ந்தது. அன்றிலிருந்து, நீர்த்தும் கரைசலை மட்டும் சேர்த்த கிணறு இல்லாத தட்டை நான் ஏற்பதில்லை.

உறைஉலர்த்திய தூளை எப்படிக் கரைக்க வேண்டும்?

குப்பியைத் திறக்குமுன் சில நொடிகள் மையவிலக்கியில் சுழற்றுங்கள். 10 மைக்ரோகிராம் புரதம் கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலமாக இருக்கும். அது மூடியில் ஒட்டியிருந்தால் திறந்தவுடன் போய்விடும். தயாரிப்பாளர் சொன்ன கரைப்பானை, பெரும்பாலும் நுண்ணுயிர் நீக்கிய நீரை, சுவரோரமாக விட்டுச் சில நிமிடங்கள் அப்படியே வைத்து, மெதுவாகச் சுழற்றிக் கலக்குங்கள். வோர்டெக்ஸ் கருவியில் வைத்து அதிரச் செய்தால் நுரைத்து, புரதம் சிதையும். 10 மைக்ரோகிராமுக்கு 100 மைக்ரோலிட்டர் விட்டால் மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் கிடைக்கும். இது நல்ல மூலக்கரைசல்.

அதை 5 மைக்ரோலிட்டர் வீதம் இருபது சிறு குழாய்களில் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகிய குழாயை மீண்டும் உறைய வைக்காதீர்கள். மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்ற சோதனைச் செறிவை அடைய மூலக்கரைசலைப் பத்தாயிரம் மடங்கு நீர்த்த வேண்டும். அதை ஒரே படியில் செய்யாமல், நூறு மடங்கு வீதம் இரண்டு படிகளில் செய்தால் பிழை குறையும்.

நீர்த்த கரைசலை 0.1 விழுக்காடு ஆல்புமின் இன்றி வைத்திருப்பது நான் அடிக்கடி காணும் தவறு. மிகக் குறைந்த செறிவில் புரதம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்கிறது, மூவலகும் மெல்லப் பிரிகிறது. ஆகவே வேலைக்கரைசலை அன்றன்றைக்குத் தயாரித்து அன்றே பயன்படுத்துங்கள்.

எந்தச் செறிவு, எவ்வளவு நேரம்?

என்ன கேள்வி கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்பது மூவலகின் கணக்கில் சுமார் 0.19 நானோமோலார். செல்களில் டி.என்.எஃப்.புக்கு இரண்டு ஏற்பிகள் உண்டு. அவற்றுள் முதல் ஏற்பியின் பிணைப்பு மாறிலி (ஏற்பிகளில் பாதியை நிரப்பும் செறிவு) 37 டிகிரியில் ஏறத்தாழ 0.02 நானோமோலார் என்பதால், இந்தச் செறிவே அதைப் பெருமளவு நிரப்பிவிடும். 'வலுவாக இருக்கட்டும்' என்று 100 நானோகிராமுக்குச் செல்வதால் ஏற்பிக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைப்பதில்லை. மாசுதான் பத்து மடங்காகிறது.

என்.எஃப்-கப்பா-பியைத் தடுத்து வைத்திருக்கும் ஐ-கப்பா-பி ஆல்பா சிதைவதைக் காண வேண்டுமெனில் 10 முதல் 20 நிமிடங்களுக்குள் செல்களைச் சிதைத்து எடுக்க வேண்டும். ஒரு மணி நேரம் காத்திருந்தால் செல் அந்தப் புரதத்தை மீண்டும் உற்பத்தி செய்துவிடும், டி.என்.எஃப் வேலை செய்யவில்லை என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள். என்.எஃப்-கப்பா-பியின் கூறான பி65 புரதம் உட்கருவுக்குள் நுழைவதைக் காண அரை மணி நேரம் பொருத்தமானது. தொப்புள்கொடிச் சிரையின் அகச்சுவர்ச் செல்களில் ஈ-செலக்டின் என்ற ஒட்டுப் புரதம் 4 முதல் 6 மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கும். மற்றோர் ஒட்டுப் புரதமான ஐகாம்-1 மறுநாளும் உயர்ந்தே இருக்கும்.

பெயரில் 'சிதைவு' இருக்கிறது, ஆனால் என் செல்கள் சாகவில்லையே?

பெரும்பாலான செல்கள் டி.என்.எஃப் மட்டும் கொடுத்தால் சாகா. முதல் ஏற்பியின் உட்பகுதியில் சேரும் ட்ராட், ரிப்க்1, ட்ராஃப்2 ஆகிய புரதங்களின் கூட்டு, முதலில் என்.எஃப்-கப்பா-பி வழியாக உயிர்காக்கும் மரபணுக்களை இயக்கிவிடுகிறது. அந்தப் பாதுகாப்புப் புரதங்கள் உருவாகாதபடி ஆக்டினோமைசின்-டி அல்லது சைக்ளோஹெக்சிமைடு கொண்டு தடுத்தால், காஸ்பேஸ்-8 என்ற நொதி வழியாகச் செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். எல்929 சோதனையில் ஆக்டினோமைசின் சேர்ப்பது இதனால்தான். காஸ்பேஸ்களையும் தடுத்துவிட்டால் சில செல் வகைகள் நெக்ரோப்டோசிஸ் என்ற வேறு வழியில் வெடித்துச் சாகும். எனவே செல் இறப்புச் சோதனைகளில் டி.என்.எஃப்.போடு எந்தத் தடுப்பானைச் சேர்த்தீர்கள் என்பதுதான் விளைவை முடிவு செய்கிறது.

மனித டி.என்.எஃப்.பை எலிச் செல்களில் பயன்படுத்தலாமா?

பாதி விடை 'ஆம்'. எலியின் முதல் ஏற்பியோடு மனிதப் புரதம் பிணைகிறது. எல்929 சோதனை நடப்பதே அதனால்தான். எலியின் இரண்டாம் ஏற்பியோடு அது சரிவரப் பிணைவதில்லை. எலியின் டி-செல்களில் இரண்டாம் ஏற்பியின் பங்கை ஆராயும் ஒருவர் மனிதப் புரதத்தைச் சேர்த்துவிட்டு 'விளைவு இல்லை' என்று எழுதினால், அது இனவேற்றுமையின் முடிவே தவிர உயிரியலின் முடிவு அன்று. எலிக்கு எலிப் புரதத்தையே வாங்குங்கள்.

மனிதச் செல்களிலும் இரண்டாம் ஏற்பியை முழுமையாகத் தூண்டுவது சவ்வில் பதிந்த வடிவம். குப்பியில் கிடைக்கும் கரையும் வடிவம் முதன்மையாக முதல் ஏற்பியின் விளைவுகளையே காட்டும்.

ஆல்புமின் கலந்ததை வாங்குவதா, கலக்காததையா? ஒட்டுமுனை உள்ளது பரவாயில்லையா?

செல் வளர்ப்புக்கு ஆல்புமின் கலந்தது நிலையானது. புரதத்தோடு பயோட்டினையோ ஒளிரும் சாயத்தையோ இணைக்கப் போகிறீர்கள் அல்லது தட்டில் பூசப் போகிறீர்கள் என்றால் கலக்காதது வேண்டும், ஏனெனில் சாயம் ஆல்புமினையும் விட்டுவைக்காது. தூய்மைப்படுத்த வசதியாகப் புரதத்தோடு இணைக்கும் ஹிஸ்டிடின் ஒட்டுமுனை முன்முனையில் இருந்தால் பொதுவாகத் தடையில்லை. பின்முனை மூவலகின் உட்புறத்துக்குள் புதைந்திருப்பதால், அங்கே ஒட்டுமுனை வைத்த தயாரிப்பைத் தவிர்க்கவே சொல்வேன்.

டி.என்.எஃப் சேர்த்த செல்களின் ஊடகத்தில் எலைசா செய்தேன். டி.என்.எஃப் மிக அதிகமாக இருக்கிறது. இது கண்டுபிடிப்பா?

நீங்கள் சேர்த்ததையே திரும்ப அளந்திருக்கிறீர்கள். செல் சொந்தமாக உற்பத்தி செய்ததா என்று அறிய ஆர்.என்.ஏ. அளவைப் பாருங்கள், சுரப்புக்கு இன்டர்லூக்கின்-6 அல்லது 8 போன்ற வேறொன்றை அளந்து பாருங்கள்.

சென்ற மாதம் வந்த விளைவு இந்த மாதம் வரவில்லை. ஏன்?

முதலில் உறைநிலைப் பெட்டியின் வரலாற்றைக் கேளுங்கள்: மின்தடை நேர்ந்ததா, குழாய் உருகி உறைந்ததா? பிறகு செல்களைப் பாருங்கள்: எத்தனையாவது தலைமுறை, மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர்த் தொற்று உண்டா என்று சோதித்தீர்களா? ஊடகத்தில் மனிதச் சீரம் சேர்த்திருந்தால், அதில் மிதக்கும் கரையும் டி.என்.எஃப் ஏற்பிகள் புரதத்தைப் பற்றிக்கொள்ளக்கூடும். இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே குப்பியின் தொகுதியைச் சந்தேகியுங்கள். புதிய தொகுதி வந்தால் பழைய தொகுதி தீருமுன் இரண்டையும் ஒரே தட்டில் ஒப்பிட்டு வைப்பது பின்னால் பெரும் மனவேதனையைத் தவிர்க்கும்.

இதை மருந்தாகப் பயன்படுத்த முடியுமா?

ஆய்வுக் குப்பியில் உள்ளதை மனிதருக்கோ விலங்கு நோயாளிக்கோ ஒருபோதும் செலுத்தக்கூடாது. டி.என்.எஃப் மட்டுமே விலங்குகளில் இரத்த அழுத்தத்தைச் சரித்து அதிர்ச்சி நிலைக்குக் கொண்டுசெல்லும் என்பது 1986இலேயே காட்டப்பட்டது. டாசோனர்மின் என்ற மருந்து வடிவம் ஐரோப்பாவில் 1999இல் அனுமதி பெற்றது. கை கால்களில் வரும் மென்திசுச் சார்க்கோமாவுக்கு, உறுப்பின் இரத்த ஓட்டத்தை உடலிலிருந்து தனிப்படுத்தி, மெல்ஃபாலனோடு சேர்த்துத் தரப்படுகிறது.

மருத்துவத்தை உண்மையில் மாற்றியது டி.என்.எஃப்.பைத் தடுப்பது. இலண்டனின் கென்னடி நிறுவனத்தில் மார்க் ஃபெல்ட்மனும் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் முடக்குவாதத்தில் அதைக் காட்டினர். 1998இல் இன்ஃப்ளிக்சிமாபும் எட்டனர்செப்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. காசநோய்க் கிருமியைச் சிறுமணிக் கட்டிகளுக்குள் அடக்கிவைப்பதில் டி.என்.எஃப்.புக்குப் பங்கு இருப்பதால், இம்மருந்துகளைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய்க்குச் சோதிக்கிறார்கள். காசநோய் மிகுந்த நம் நாட்டில் இது ஏட்டளவு எச்சரிக்கை அன்று.

ஆய்வுக் கட்டுரையின் செய்முறைப் பகுதியில் எவற்றைக் குறிப்பிட வேண்டும்?

எந்த உயிரியில் தயாரானது, எந்த அமினோ அமிலத்திலிருந்து எது வரை, ஒட்டுமுனை உண்டா, அட்டவணை எண், தொகுதி எண், செயல்திறன், எண்டோடாக்சின் அளவு, கரைப்பான், ஆல்புமின் அளவு, சேர்த்த செறிவு, நேரம். 'டி.என்.எஃப் சேர்க்கப்பட்டது' என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு இன்னொருவரின் சோதனையைத் திரும்பச் செய்ய முயன்று வாரங்களை இழந்திருக்கிறேன். சூடாக்கிய கட்டுப்பாட்டின் தரவு இருந்தால் அதைத் துணைத் தகவலில் புதைக்காமல், முதன்மைப் படத்தில் டி.என்.எஃப் சேர்த்த பட்டைக்கு அடுத்த பட்டையாகவே வையுங்கள்.